சொன்னவனும் செய்தவனும்

போர்னியோ என்று சொன்னால் நம்மில் பலருக்கு இரண்டே விஷயங்கள்தாம் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒன்று, வெயில் நுழையாத காடு. மற்றொன்று, பகைவனின் தலையை வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் தொங்கவிடும் மனிதர்கள். சிறு வயதில் நான் படித்த ஒரு புத்தகத்தில் அப்படி ஒரு படம் இருந்தது. காதில் கனத்த வளையம், கையில் நீளக் கத்தி, முகத்தில் ஒரு குரூரம். அந்தக் குரூரம் அவனுடையதா, படம் போட்டவன் தன் இஷ்டத்துக்குச் சேர்த்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவனுக்கும் ஒரு பெயர் இருக்கும், பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள், ஊரில் அவனுக்கும் ஒரு நில வழக்கு இருக்கும் என்பதெல்லாம் புத்தகம் எழுதியவருக்கும் தோன்றவில்லை. படத்தின் கீழே 'தயாக்' என்று மட்டும் போட்டிருந்தது.

சில மாதங்களாக அந்த ஜனங்களில் இருவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் உபாத்தியாயராக இருந்து கவர்னர் ஆனவர். மற்றவர் பேராசிரியராக இருந்து கவர்னர் ஆக ஆசைப்பட்டவர். இருவரும் கத்தி எடுத்தவர்கள் அல்லர். இருவரும் தம் ஜனங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் புறப்பட்டார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இருவருடைய பெயர்களும் பெரிய கொலைகளின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன.

எவ்வளவோ தூரத்தில் உள்ள இந்த விவகாரத்தில் உனக்கு என்ன அக்கறை என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தீவின் பெரும்பகுதி இந்தோனேஷியாவைச் சேர்ந்தது. அவர்கள் அதைக் காலிமந்தான் என்கிறார்கள். அதன் கிழக்கே கூட்டாய் என்ற இடத்தில் சில கல்தூண்கள் கிடைத்திருக்கின்றன. மூலவர்மன் என்ற அரசன் பிராமணர்களுக்குப் பசுக்களும் மற்ற தானங்களும் கொடுத்ததைச் சம்ஸ்கிருதத்தில் சொல்லுகின்றன அவை. எழுத்து, நம் பல்லவர் எழுத்தின் குடும்பம். சுமார் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தியவை. நமக்கும் அந்தத் தீவுக்கும் அப்படி ஒரு பழைய தொடர்பு இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை. நான் கவனித்தது வேறு. அந்தத் தீவுக்கு எழுத்து வந்தபோது அது ராஜாவின் வாசலில்தான் இறங்கியது. ஆற்றின் மேல்கரைகளில் இருந்த ஜனங்களைப் பற்றி அந்தத் தூண்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த ஜனங்கள் ஒரே ஜாதியாரும் அல்லர். காயான், ஙாஜு, இபான், கனயாத்தன் என்று நூற்றுக்கணக்கான கூட்டங்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாது. கடற்கரையில் இருந்தவர்கள் இவர்கள் எல்லோரையும் சேர்த்து வைத்த பொதுப்பெயர்தான் தயாக். ஏறக்குறைய, நம் ஊரில் 'பட்டிக்காட்டான்' என்று சொல்லும் தொனியில். அந்த வசைச் சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள், முதலில் படித்த சிலர். படிப்பு கொடுத்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பாதிரிமார். மேற்குக் காலிமந்தானில் 1940-களில் ஒரு சங்கம் ஆரம்பித்து அதைக் கட்சியாக வளர்த்தபோது, கடைசி எழுத்தை உதிர்த்துவிட்டு 'தயா' என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் பாஷையில் அதற்குச் சக்தி என்று பொருள். தமிழ்க் காதுக்குத் தயை என்று கேட்கிறது. இரண்டில் எது பிழைத்தது என்பதுதான் கதை.

அந்தக் கட்சியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் உவாங் உராய். 1922-இல் காப்புவாஸ் நதியின் மேற்பகுதியில் பிறந்தவர். பாதிரிப் படிப்புக்கென்று போய், அதை விட்டு உபாத்தியாயரானவர். அவர் வாலிபராக இருந்த சமயத்தில் ஜப்பானியர் வந்தார்கள். 1943, 44 வருஷங்களில் அவர்கள் அந்த மாகாணத்தின் சுல்தான்களையும் வைத்தியர்களையும் வியாபாரிகளையும் உத்தியோகஸ்தர்களையும் சதிகாரர்கள் என்று பிடித்துக் கொன்றார்கள். மாந்தோர் என்ற இடத்தில் புதைகுழிகள் இருக்கின்றன. மேலே இருந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரேயடியாக இல்லாமற்போன ஓர் ஊரில், மலையிலிருந்து இறங்கி வந்த உபாத்தியாயர்களுக்கு இடம் கிடைத்தது. சரித்திரம் ஏழைகளுக்கு வாசல் திறக்கும் விதம் சில சமயம் இப்படி விகாரமாகத்தான் இருக்கிறது.

1955-இல் நடந்த பொதுத் தேர்தலில் தயாக் கட்சி அந்த மாகாணத்தில் இரண்டாவது பெரிய கட்சியாக வந்தது. 1960-இல் உராய் கவர்னர் ஆனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை! மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் கவர்னர் மாளிகைக்குள் நுழைந்த அன்று, ஆற்றின் மேல்கரைக் கிராமங்களில் கிழவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்கு அவர் செய்தது கொஞ்சமல்ல. தயாக் என்று சொல்லிக்கொள்ளக் கூசியவர்களை அப்படிச் சொல்லிக்கொண்டு சர்க்கார் அலுவலகத்துக்குள் நுழைய வைத்தார்.

பிறகு வந்தது 1965. ஜகார்த்தாவில் சுகார்னோவின் செல்வாக்கு சரிந்து ராணுவத்தின் கை ஓங்கியது. உராய் சுகார்னோவின் ஆள். 1966-இல் பதவி போயிற்று. அப்போது மாகாணத்தின் எல்லைக் காடுகளில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் இருந்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். 1967 ஜூலையில் அவர்கள் ஒரு விமானப்படைத் தளத்தைத் தாக்கி ஆயுதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ராணுவத்துக்குக் கொரில்லாக்கள் அகப்படவில்லை. ஆனால் கிராமங்களில் நிலம் உழுதுகொண்டும் சில்லறைக் கடை வைத்துக்கொண்டும் இருந்த சீனக் குடும்பங்கள் அகப்படும் தூரத்தில் இருந்தன. அவர்கள்தாம் காட்டுக்குச் சோறு அனுப்புகிறார்கள் என்று ராணுவம் நினைத்தது. அவர்களை அப்புறப்படுத்த வேண்டும். அதை யார் செய்வது?

அந்த வருஷம் தயாக்குகள் சிலர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். சீனக் கொரில்லாக்கள் செய்த வேலை என்று ராணுவம் சொன்னது. ராணுவத்தின் கையே அதில் இருந்ததாகப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் சந்தேகிக்கிறார்கள். உராய் வானொலியில் பேசினார். ஜப்பானியரை எதிர்த்த தயாக் வீரன் பாங் சூமாவின் பெயரால் ஒரு படை திரட்டப்படுகிறது என்று அறிவித்தார்.

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யுத்தம் என்று தீர்மானித்தால் ஒரு கிண்ணத்தில் கோழி ரத்தத்தைப் பூசி, அதில் ஓர் இறகும், கூரை வேயும் ஓலைத் துண்டும், தீப்பந்தக் குச்சியும் வைத்துக் கிராமத்துக்குக் கிராமம் அனுப்புவார்கள். ஓலை வைப்பது, மழை என்று சாக்குச் சொல்லாதே என்பதற்காக. பந்தம் வைப்பது, இருட்டு என்று சாக்குச் சொல்லாதே என்பதற்காக. கிண்ணத்தை வாங்கிய கிராமம் ஆள் அனுப்பியே தீர வேண்டும். கிண்ணத்தை அடுத்த ஊருக்கும் கொடுத்தனுப்ப வேண்டும். 1967-இல் அந்தச் சிவப்புக் கிண்ணம் ஓடிற்று.

முதலில் சீனர்களை விரட்டினார்கள், பிறகு கொன்றார்கள். செத்தவர்களின் தொகையைச் சிலர் முந்நூறு என்கிறார்கள். சிலர் இரண்டாயிரம், மூவாயிரம் என்கிறார்கள். ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் கடற்கரைப் பட்டணங்களுக்கு ஓடினார்கள்; முகாம்களில் நோயில் செத்த குழந்தைகள் தனி.

உராய் இதை ஏன் செய்தார்? சுகார்னோவின் ஆள் என்ற கறையைக் கழுவிக்கொண்டு ராணுவத்தின் நம்பிக்கையைப் பெற்று, தம் ஜனங்களுக்கு மறுபடியும் ஓர் இடம் பிடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படி நினைத்திருந்தால் கணக்குத் தப்பாயிற்று. அடுத்த கவர்னராக வந்தவர் ஒரு ராணுவ அதிகாரி. மேற்குக் காலிமந்தானில் இன்னொரு தயாக் கவர்னர் வருவதற்கு 2008 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. உராய் 1986-இல் காலமானார். சீனர்கள் விட்டுப்போன நிலங்களில் ஒரு பகுதியில் மதுரா என்ற தீவிலிருந்து வந்த ஏழைகள் குடியேறினார்கள். முப்பது வருஷம் கழித்து, 1996-ஆம் வருஷக் கடைசியிலும் 97-இன் ஆரம்பத்திலும், அதே மாகாணத்தில் தயாக்குகள் அந்த மதுராக்காரர்களைக் கொன்றார்கள். கிண்ணம் மறுபடியும் ஓடிற்று.

இனிப் பேராசிரியர் விஷயம். இது மத்திய காலிமந்தானில் நடந்தது. வேறு மாகாணம், வேறு தயாக்குகள். அங்கே உள்ளவர்கள் பெரும்பாலும் ஙாஜு கூட்டத்தார். தங்களுக்கென்று ஒரு மாகாணம் வேண்டும் என்று போராடி 1957-இல் வாங்கிக்கொண்டவர்கள். காட்டை வெட்டிப் பாலங்கராயா என்று ஒரு தலைநகரம் கட்டினார்கள். அங்கே 1963-இல் ஒரு சர்வகலாசாலை வந்தது. காட்டுக்குள் தோன்றிய அந்தச் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர் கே. எம். ஏ. உசோப். தயாக் ஜனங்களின் ஆலோசனைச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டபோது அதன் தலைவரானார். 1990-களின் முற்பகுதியில் ஜகார்த்தா தன் இஷ்டப்படி வெளி ஆளைக் கவர்னராக அனுப்பப் பார்த்தபோது தயாக்குகள் எதிர்த்து நின்றார்களே, அந்த எதிர்ப்பில் பிறந்த சங்கம் அது. சுஹார்த்தோவின் ஆட்சியில் அப்படி எதிர்த்து நிற்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஜனநாயகம் திரும்பிய பின் உசோப் கவர்னர் பதவிக்கு நின்றார், தோற்றார்.

அவர்களுடைய மனக்குறை பொய்யல்ல. 1967-இல் வந்த வனச் சட்டம் காடுகளை ஜகார்த்தாவின் சொத்தாக்கியது. பாட்டன் காலத்திலிருந்து ரத்தான் வெட்டிய காட்டுக்குள் ஒருநாள் போனால், குத்தகைக் கம்பெனியின் காவல்காரன் நிற்கிறான். 1979-இல் வந்த கிராமச் சட்டம், ஜாவாவில் கிராமம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எல்லாத் தீவுகளிலும் இருக்க வேண்டும் என்று சொல்லி, வழக்காற்றுத் தலைவர்களின் அதிகாரத்தைப் பறித்தது. 1995-இல் சுஹார்த்தோ ஒரு கட்டளை போட்டார். மத்திய காலிமந்தானின் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயல் ஆக்கப் போகிறார்களாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். மக்கிப்போன தழை மண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து, மண்ணே விறகாகிவிட்டது. 1997-இல் அது பற்றி எரிந்த புகை அண்டை நாடுகள் வரைக்கும் போயிற்று. நெல் விளையவில்லை. நெல் விளையும் மண் எது என்று அங்கே உள்ள எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். கேட்பதற்கு ஜகார்த்தாவில் யாருக்கும் நேரம் இல்லை.

இவ்வளவும் செய்தவர்கள் மதுராக்காரர்களா? இல்லை. மதுராக்காரன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தான். சந்தையில் கடை போட்டான். மர அறுவை ஆலையில் கூலி வேலை செய்தான். அவனுக்கும் தயாக்குக்கும் அடிதடிகள் நடந்தன, கத்திக்குத்துகள் நடந்தன, போலீஸார் கண்டும் காணாமல் இருந்தார்கள். அந்த மனக்கசப்பும் உண்மைதான். ஆனால் காட்டைக் கொடுத்தவனும் எடுத்தவனும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். மதுராக்காரன் அடுத்த தெருவில் இருந்தான்.

2001 பிப்ரவரி 18-ஆம் தேதி சம்பிட் என்ற துறைமுகப் பட்டணத்தில் கலகம் மூண்டது. முதல் இரண்டு நாள் பட்டணத்தில் மதுராக்காரர்கள் கை ஓங்கியிருந்தது. சம்பிட்டை இரண்டாவது சம்பாங் ஆக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சுப் பரவியது. சம்பாங் என்பது மதுராவில் உள்ள ஒரு ஜில்லா. பிறகு ஆற்றின் மேலேயிருந்து தயாக்குகள் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு நடந்ததைக் கலகம் என்று சொல்லக் கூடாது, வேட்டை. பாரெங்கியான் என்ற ஊரில் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று சேர்க்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், காவலுக்கு வந்த போலீஸார் ஓடிவிட்ட நிலையில், கொல்லப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. மொத்தம் ஐந்நூறு பேராவது மாண்டார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். காலிமந்தானில் பிறந்து வளர்ந்து, மதுராத் தீவைக் கண்ணாலேயே பார்த்திராதவர்களும் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். தலைகள் வெட்டப்பட்டன. உலகப் பத்திரிகைகளில், நான் சின்ன வயதில் பார்த்தேனே, அதே படம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை புகைப்படமாக.

அந்த வருஷமே பேராசிரியரைத் தூண்டிவிட்ட குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். அவருடைய ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. தோற்றுப்போன ஒரு வேட்பாளர் மேல் பழியைப் போட்டுவிட்டால், ஓடிப்போன போலீஸாரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு. கலகத்துக்குப் பிறகு அவருடைய சங்கம் தயாக் தரப்பு நியாயத்தை எடுத்துச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டது. கலகம் எப்படி ஆரம்பித்தது, தங்களுக்கு நேர்ந்த தீங்குகள் என்ன, தங்களுடைய கோரிக்கைகள் என்ன என்று சொல்லும் புத்தகம். அகதிகள் இன்னும் முகாம்களில் இருந்த வருஷத்தில் அது வந்தது.

இதை நினைத்து முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அந்தப் பேராசிரியரின் நாற்காலியில் என்னை உட்கார வைத்துப் பார்த்தேன். வெளியே உலகம் முழுவதும் என் ஜனங்களைத் தலைவெட்டிகள் என்று எழுதுகிறது. காட்டை இழந்தது, மண் எரிந்தது, ஜகார்த்தா அவர்களை மனிதர்களாகவே மதிக்காதது, எதுவும் அந்தப் பத்திரிகைகளில் இல்லை. அவர்களுக்காகப் பேச, அவர்கள் பாஷையும் உலகத்தின் பாஷையும் தெரிந்த பத்துப் பேர்தான் உண்டு. அதில் நான் ஒருவன். நான் வாய் மூடிக்கொண்டால் அந்தப் படம்தான் நிற்கும். பேசினால், கொன்றவனுக்கு வக்காலத்து ஆகிவிடும். இதில் எது தர்மம்?

சட்டத்துக்கு இது சுலபம். 'நீ கட்டளை போட்டாயா? போட்டதற்குச் சாட்சி உண்டா?' என்று கேட்கும். இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். கத்தியைத் தூக்கியவன் கையில் அவனுடைய புத்திதான் இருக்கிறது. எவனோ பேசியதற்காக இவன் வெட்டினான் என்று சொன்னால், இவனை ஆட்டுக்குட்டி ஆக்கிவிடுகிறோம். அதுவும் நியாயமான வாதமே. காட்டு ஜனங்களைப் புத்தியில்லாதவர்கள் என்று சொல்லும் பழைய அகம்பாவத்தின் இன்னொரு வேஷம், 'படித்தவன் தூண்டினான், பாமரன் செய்தான்' என்பது. சம்பிட்டுக்குப் படகேறி வந்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் செய்ததற்குத் தாமே பொறுப்பு.

ஆனாலும் எனக்கு மனசு சமாதானப்படவில்லை. காரணம், படித்தவனுக்கு ஒன்று தெரியும். மற்றவனுக்கு அது தெரியாது. காடு யார் கையால் யார் கைக்குப் போயிற்று, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவால் போயிற்று என்பது படித்தவனுக்குத் தெரியும். அடுத்த தெருவில் இருக்கும் மூட்டைக்காரன் அதற்குக் காரணம் அல்ல என்பதும் தெரியும். 'எந்த மண்ணை மிதிக்கிறாயோ, அந்த மண்ணின் வானத்தைத் தலையில் தாங்கு' என்று மலாய் பாஷையில் ஒரு பழமொழி. வந்த இடத்து வழக்கத்தை மதித்து நட என்று பொருள். நல்ல பழமொழிதான். அந்த வருஷங்களில் தயாக் தலைவர்கள் பலர் அதை அடிக்கடி எடுத்துச் சொன்னார்கள். சர்வகலாசாலை மேடையில் அது ஒரு பண்பாட்டு விளக்கம். ஆற்றங்கரையில் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறவன் காதில் அது ஒரு தீர்ப்பு. இந்த வித்தியாசம் தெரியாது என்று மொழி படிக்காத மனிதன் சொல்லலாம். நாங்கள் சொல்ல முடியாது. வார்த்தை எந்தக் காதில் என்னவாகும் என்பதை அறிவதுதானே எங்கள் பிழைப்பு?

உராயின் விஷயத்தில் எனக்குத் தயக்கம் குறைவு. ராணுவத்துக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம் ஜனங்களின் கத்தியைக் கொண்டுபோய் விலை பேசினார். பேராசிரியர் விஷயத்தில் அப்படிச் சொல்ல என் பேனா எழவில்லை. அவர் விலை பேசவில்லை. நியாயத்தைத்தான் பேசினார். பாதி நியாயத்தை. மறுபாதியைச் சொல்ல அவரைவிடத் தகுதியுள்ளவர் அந்த மாகாணத்தில் இல்லை. நான் சொன்னால் யார் கேட்பார்கள், ஜகார்த்தா மந்திரி சொன்னால்தான் யார் கேட்பார்கள்? தயாக்குகளுக்காகச் சிறைக்குப் போன மனிதர் தயாக்குகளைப் பார்த்து, 'பாரெங்கியானில் நீங்கள் செய்தது என் பெயரில் செய்ததல்ல' என்று சொன்னால் அது வேறு. அப்படிச் சொல்கிறவன் அடுத்த தேர்தலில் தோற்பான் என்பது உண்மை. தேர்தல் போகட்டும், அடுத்த நாள் தெருவில் நடக்க முடியாது.

அப்படிச் சொல்லிக் காட்டியவர்கள் அந்த மண்ணில் இல்லாமல் இல்லை. 1894-இல் காஹாயான் நதியின் தலைப்பில் தும்பாங் அனோய் என்ற கிராமத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மே மாதத்திலிருந்து ஜூலை வரைக்கும் இரண்டு மாதம். தீவின் பல பக்கங்களிலிருந்தும் கூட்டத் தலைவர்கள் படகில் வந்து சேர்ந்தார்கள். தாமாங் பாத்து என்ற பெரியவர் தம்முடைய நெடுவீட்டில் அத்தனை பேரையும் வைத்துக் காப்பாற்றினார். டச்சுக்காரர்கள் விரும்பிக் கூட்டிய கூட்டம்தான். அவர்களுக்குத் தங்கள் வியாபாரம் தடைப்படாமல் நடக்க வேண்டும். இருந்தாலும் பேசியவர்கள் தயாக்குகள். யார் எத்தனை தலை எடுத்தார்கள், யாருக்கு யார் எவ்வளவு ஈடு தர வேண்டும் என்று பழைய பகை ஒவ்வொன்றையும் எடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். தலை வெட்டுவதை நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். அடிமை வைத்துக்கொள்வதையும் நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவனும் தன் ஊருக்குத் திரும்பிப் போய், பகைவன் தலைக்காகக் காத்திருந்த தன் சொந்த ஜனங்களிடம், 'இனி இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எத்தனை இரவுகள் ஒத்திகை பார்த்திருப்பார்களோ! அவர்களில் பட்டம் பெற்றவர் ஒருவருமில்லை.

என் சொந்தக் காரணம் என்றேனே, அது இதுதான்.

காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மேலே படிக்க வசதியில்லாமல் நான் ஊரில் இருந்த சமயம். எங்கள் ஏரியின் கடைமடையில் வேறு தாலுகாவிலிருந்து வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் நிலம் வாங்கிக் குடியேறியிருந்தன. அந்த வருஷம் மழை பொய்த்தது. மதகைத் திறப்பதில் தகராறு. உண்மையில் ஏரி வறண்டதற்குக் காரணம், வரத்துக் கால்வாயின் மேல்பக்கத்தில் பெரிய இடத்து மனிதர் ஒருவர் தம் தோப்புக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டதுதான். ஊரில் எல்லோருக்கும் இது அரைகுறையாகத் தெரியும். எனக்கு முழுக்கத் தெரியும்; கால்வாயோரம் நடந்துபோய்ப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் பெரிய இடம்.

ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்து, "நீ படித்த பிள்ளை, ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடு" என்றார்கள். எழுதினேன். விருந்துக்கு வந்தவன் வீட்டுக்காரன் ஆகலாமா என்று ஆரம்பித்து, எங்கள் பாட்டன்மார் வெட்டிய ஏரி, எங்கள் ரத்தம், எங்கள் வியர்வை என்று ஒரு பக்கம். அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான். டவுனில் அடித்துக்கொண்டு வந்த காகிதத்தின் மை வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

இரண்டாம் நாள் இரவு குடியேறியவர்களில் ஒருவருடைய வைக்கோற்போர் எரிந்தது. பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி ஒன்று செத்துப் போயிற்று. அதை அவிழ்க்கப் போன கிழவியின் இரண்டு கையும் வெந்து போயின. யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தாயார் மட்டும் சோறு போடும்போது, "அந்தக் காகிதம் நீ எழுதினதுதானே?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து வைக்கோல் எரிந்த மனிதரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சர்க்காரிடம் நஷ்டஈடு கேட்டு மனுப் போட வேண்டுமாம். "ஊரிலே நீங்கதான் நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க, தம்பி" என்றார். நோட்டீஸை எழுதியது யார் என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். வைக்கோல் இத்தனை வண்டி, கொட்டகைக் கூரை இவ்வளவு, தாயாருக்கு வைத்தியச் செலவு இவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்து, கன்றுக்குட்டிக்கு என்ன விலை போடலாம் என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைப் போட வேண்டாம் தம்பி. அது விக்கிறதுக்காக வளர்த்தது இல்லே."